கதவை மாட்டும் முன் ஒரு வாரம் கொடுங்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வீடு கட்டிக் கொடுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும் மேஸ்திரிகளுக்கும் வணக்கம்.

இருபத்திரண்டு வருடமாக மரத்துக்கு பாலிஷ் போடுகிறேன். போன மாதம் பென்னாகரத்தில் ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். மேற்குப் பார்த்த வாசல், தேக்குக் கதவு. குடிபோய் ஒரு வருடம்கூட ஆகவில்லை, கீழ்ப்பாதியில் வார்னிஷ் அப்பளம் மாதிரி எழும்பி நின்றது. நகத்தால் நெம்பினேன், உள்ளங்கை அகலத்துக்கு உரிந்து வந்தது. உரிந்த வார்னிஷின் அடிப்பக்கம் கண்ணாடி போல் இருந்தது. அது மரத்தைப் பிடிக்கவே இல்லை.

அந்தக் கதவுக்கு பாலிஷ் போட்டவன் நான்தான். கதவை மாட்டிவிட்டு, கிரகப்பிரவேசத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது கூப்பிட்டார்கள். முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் ஊறியிருக்கிறது. இழைத்து வைத்தாலும் அது மெல்ல மேலே ஏறி வரும், வார்னிஷைப் பிடிக்க விடாது. ஈட்டி மரம் (ரோஸ்வுட்) இன்னும் மோசம். எண்ணெய் வார்னிஷ் காற்றில் உள்ள ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டுதான் இறுகும். ஈட்டியில் இருக்கும் சத்து அதைத் தடுத்துவிடும், நாலு நாளானாலும் கையில் பிசுபிசுக்கும்.

இதற்கு வழி இருக்கிறது. முதலில் 120 நம்பர், அப்புறம் 180 நம்பர் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். அதற்கு மேல் வழவழப்பாக்கினால் பிடிமானம் குறையும். பிறகு வெள்ளைத் துணியில் அசிட்டோனோ நல்ல தின்னரோ நனைத்துத் துடைக்க வேண்டும். தேக்கு என்றால் துணி மஞ்சளாகும், ஈட்டி என்றால் ஊதா கலந்த பழுப்பு. துணியை மாற்றி மாற்றி, நிறம் வெளுக்கும் வரை துடைக்க வேண்டும். ஈரம் ஆறியதும் உடனே முதல் கோட் போட வேண்டும். நாளைக்கு என்று விட்டால் எண்ணெய் திரும்ப ஏறிவிடும். வீட்டுக்குள் இருக்கும் சாமானுக்கு மெழுகு நீக்கிய அவலரக்கை (அவல் மாதிரித் தகடாக வரும் அரக்கு) ஸ்பிரிட்டில் கரைத்து முதலில் பூசலாம். சாதா அரக்கில் மெழுகு இருப்பதால் அதன் மேல் பி.யூ. (பாலியூரித்தேன்) வார்னிஷ் சரியாகப் பிடிக்காது. தலைவாசலுக்கு அரக்கே வேண்டாம், வெயிலையும் தண்ணீரையும் தாங்காது. வெளிவேலைக்கான வார்னிஷையே நீர்க்கக் கலந்து முதல் கோட், அப்புறம் மூன்று கோட். ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் காய வேண்டும்.

இன்னொன்று, கதவின் அடி விளிம்பு. தினம் காலையில் வாசல் தெளிக்கிற தண்ணீர் அந்த வழியாகத்தான் மரத்துக்குள் ஏறுகிறது. மாட்டிய கதவில் அங்கே பிரஷ் போகாது. அதனால்தான் கேட்கிறேன்: கதவை மாட்டுவதற்கு முன் ஒரு வாரம் எங்கள் கையில் கொடுங்கள். ஓசூர், தளி பக்கம் மழைக்காலம் என்றால் இன்னும் இரண்டு நாள் சேர்த்துக் கொடுங்கள்.

பென்னாகரத்துக் கதவை வருகிற வாரம் கழற்றி, சுரண்டி, முதலிலிருந்து செய்கிறேன். கூலி வாங்கப் போவதில்லை. அந்த வீட்டு அம்மா எட்டு நாள் கொடுத்திருக்கிறார்கள்.