பைண்ட் தொகுதிகளில் உள்ள கோட்டோவியங்களைப் படமெடுக்க நன்கொடை வேண்டுகிறோம்

அன்புடையீர், வணக்கம்.

வார இதழ்களிலிருந்து பிரித்தெடுத்து வீடுகளில் பைண்ட் செய்து வைத்திருந்த 70 தொகுதிகள் நம் நூலகத்துக்கு வந்திருக்கின்றன. 1950-54இல் ‘கல்கி’யில் ஓவியர் மணியத்தின் படங்களோடு வந்த ‘பொன்னியின் செல்வன்’, ‘ஆனந்த விகடன்’ இதழுக்காக ஓவியர் சில்பி கோயில்களுக்கே போய் வரைந்த சிற்பங்கள் எல்லாம் இவற்றில் உண்டு.

இந்தப் படங்கள் நிப்புப் பேனாவும் இந்தியன் இங்க் என்ற கறுப்பு மையும் கொண்டு வரைந்தவை. அச்சில் வருவதைவிடப் பெரிதாக வரைந்து, சுருக்கி, துத்தநாகத் தகட்டில் அமிலத்தால் அரித்து அச்சுக்கான பிளாக் எடுப்பார்கள். அந்த அமிலம் கோட்டின் பக்கவாட்டையும் அரிக்கும். மெல்லிய கோடு அறுந்துபோகும். மலிவுத் தாளில் மை பரவி, நெருக்கமான குறுக்குக் கோடுகள் அப்பிக்கொள்ளும். சில்பியின் தூண் நிழலை லென்ஸ் வைத்துப் பாருங்கள்: கோடுகளுக்கு நடுவே மயிரிழை வெள்ளை. அந்த வெள்ளைதான் இப்போது பழுப்பேறுகிறது.

சாதாரண ஸ்கேனரில் கவிழ்த்து அழுத்தினால் தாள் ஒடிகிறது. ஓரத்தில் தைத்திருப்பதால் உட்பக்கத்தில் இரண்டு விரற்கடை படம் தெரிவதே இல்லை. பைண்டை வெட்டலாம் என்றார்கள். கூடாது. 90 பாகைக்கு மேல் விரிக்காத ‘வி’ வடிவ மரத்தாங்கி, மேலே கண்ணாடி, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கேமரா: இதுதான் வழி. பின்பக்க எழுத்து தெரியாமலிருக்கத் தாளுக்கு அடியில் கறுப்பு அட்டை. வெறும் கறுப்பு-வெள்ளையாகப் பதிந்தால் பழுப்பும் கறுப்பாகிவிடும். ஆகவே சாம்பல் நிறச் சாயல்களோடு, 500 டிபிஐ (அங்குலத்துக்கு 500 புள்ளி) அளவில் பதிவோம். 7×9 அங்குலப் பக்கம் ஒன்று சுமார் 16 எம்பி; 21,000 பக்கம் ஒரு டெராபைட் வட்டில் தாராளமாக அடங்கும். வட்டு இரண்டு, இரண்டும் வெவ்வேறு கட்டடத்தில்.

மொத்தச் செலவு ரூ.1,79,000. பழைய கேமராவும் லென்ஸும் இரண்டு செட் ரூ.96,000, ஆறு மாதத்துக்கு ஒருவர் ஊதியம் ரூ.48,000; தாங்கி, விளக்கு, வட்டுகள் ரூ.35,000. கையில் ரூ.62,000 இருக்கிறது. இன்னும் ரூ.1,17,000 வேண்டும்.

ஓவியர் மறைந்து 60 ஆண்டுவரை பதிப்புரிமை உண்டு என்பதால் படங்கள் இணையத்தில் ஏறாது. நூலகக் கணினியில் பார்க்கலாம். எங்களுக்குத் தரும் நன்கொடைக்கு வருமான வரிச்சலுகை கிடையாது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். நூலக அலுவலகத்தில் பணமாகவோ காசோலையாகவோ கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுப் பரணில் இப்படித் தொகுதிகள் இருந்தால் இரவல் கொடுங்கள். படமெடுத்துத் திருப்பித் தருவோம். கிழிந்த இடத்தில் மட்டும் செலோடேப் ஒட்டிவிடாதீர்கள். அதன் பசை மஞ்சளாகிக் கோட்டுக்குள் இறங்கிவிட்டால் எடுக்க முடிவதில்லை.

இப்படிக்கு,
நூலகக் குழுவினர்