ஆடியில் குளிரும் ஊருக்கு ஒரு நன்றி மடல்

வக்குவாவில் எங்கள் தெருவாருக்கும், காத்ர் போர்ன் சந்தையில் கீரை விற்கும் அம்மாமாருக்கும், பேருந்து நடத்துநர்களுக்கும், கோவிலில் தைப்பூசத்துக்குக் காய் நறுக்கும் கைகளுக்கும் வணக்கம்.

வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து மொரிஷியஸ் வந்து மூன்றாண்டு குடியிருந்துவிட்டு ஊர் திரும்பும் ஒரு குடும்பத்தின் மடல் இது. உங்களில் பலருக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வராது. பள்ளியில் தமிழ் எடுத்திருக்கும் பேரப்பிள்ளைகள் படித்து, உங்கள் பேச்சுமொழியான கிரியோலில் சொல்லட்டும். அவர்களுக்குக் கூடுதலாக ஒரு வீட்டுப்பாடம் கொடுத்த பாவம் எங்களைச் சேரும்.

எல்லாமே புதிதாக இருக்கும் நாட்டில் ஆள் தானாகவே உஷாராக இருப்பார். இங்கே வண்டி இடப்பக்கம் ஓடுகிறது, காசுக்கு ரூபாய் என்று பெயர், கோவிலைக் கோவில் என்றே சொல்கிறீர்கள், சந்தையில் முருங்கைக்கீரை கட்டுக்கட்டாகக் கிடக்கிறது. எல்லாம் தெரிந்ததுதானே என்று நினைத்துக் காலை வைக்கும் இடத்தில்தான் சறுக்கும். அப்படிச் சறுக்கவிருந்த இடங்களில் "அங்கே வேறு, இங்கே வேறு" என்று சொல்லி நிறுத்தியவர்கள் நீங்கள்.

முதலில், தொந்தோன் என்று நாங்கள் கூப்பிடக் கற்றுக்கொண்ட எதிர்வீட்டுப் பெரியவரே, புயல் எண்ணை விளக்கியதற்கு நன்றி. தமிழ்நாட்டுத் துறைமுகங்களில் கூண்டு எண் 11 வரை ஏறும். அதனால் வானொலியில் "இரண்டு" என்று கேட்டால் எங்கள் ஊர்க்காரர் குடையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவார். இங்கே மொத்தமே நான்குதான். ஒன்று என்றால் ஒன்றரை நாள், இரண்டு நாள் அவகாசம். இரண்டில் பள்ளி மூடிவிடும். தண்ணீர், ரொட்டி, மெழுகுவர்த்தி வாங்கும் வேலை அதற்குள் முடிந்திருக்க வேண்டும். மூன்றில் பேருந்து நின்றுவிடும். வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. நான்கு என்றால் மணிக்கு 120 கிலோமீட்டர் வேக வீச்சு வந்துவிட்டது என்று பொருள். மின்சாரம் போனால் மோட்டார் ஓடாது, குழாயும் வற்றும். ஆகவே குடிக்க மூடிய குடங்கள், கழிவறைக்குத் தனியாக ஒரு டிரம். மாடியில் இருக்கும் பூந்தொட்டி, துணிக்கம்பு, தகரத்துண்டு எல்லாம் உள்ளே வர வேண்டும். காற்றில் பறக்கும் தொட்டி பக்கத்து வீட்டுக் கண்ணாடிக்குக் குண்டு. காற்று திடீரென்று அடங்கினால் புயலின் நடுப்பகுதியான கண் தலைக்குமேல் நிற்கிறது என்று அர்த்தம். சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மறுபடி அடிக்கும், அதுவரை பத்திரமாக இருந்த ஜன்னல்கள்தான் அப்போது அடி வாங்கும். 2024 ஜனவரியில் பெலால் புயலின்போது போர்ட் லூயி தெருக்களில் கார்களை அடித்துப் போனது காற்றல்ல, வெள்ளம். அதைச் சொல்லி, எண் எதுவானாலும் கால்வாய் ஓரம் வண்டி நிறுத்தக் கூடாது என்றீர்கள்.

வீட்டுக்காரம்மாவுக்கு இரண்டு நன்றிகள். துணிக்கொடியை வடபக்கம் கட்டச் சொன்னதற்கு ஒன்று. பூமத்திய ரேகைக்குத் தெற்கே 20 பாகையில் இருக்கும் தீவு இது. ஆனி, ஆடியில் சூரியன் உச்சிப்பொழுதிலும் வடக்கே சாய்ந்தே நிற்கும். தென்பக்கச் சுவரோரம் போட்ட துணி இரண்டு நாளானாலும் ஈரவாடை போகாது. இன்னொன்று மின்வேலைக்காரரை அனுப்பியதற்கு. மின்னழுத்தம் நம்மூர்போல 230 வோல்ட்டேதான், டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம். சுவரில் இருப்பதோ சதுரக் கால் மூன்று கொண்ட பிரிட்டிஷ் வகையும், உருண்டைக் கால் இரண்டு கொண்ட பிரெஞ்சு வகையும். நம் மிக்ஸியின் மூன்று உருண்டைக் கால் இரண்டிலும் சேராது. மலிவான அடாப்டர் பலவற்றில் எர்த் தொடர்பு இருக்காது, இஸ்திரிப்பெட்டி கையைச் சுள்ளென்று இழுக்கும். அந்த அண்ணன் பிளக்கையே வெட்டிவிட்டு 13 ஆம்பியர் பிளக் மாட்டினார்: சிவப்பு வயர் ஃபியூஸ் பக்கம், கறுப்பு எதிர்ப்பக்கம், பச்சை மேலே நீளக் காலுக்கு. மிக்ஸிக்கு 5 ஆம்பியர் ஃபியூஸ், இஸ்திரிப்பெட்டிக்கு 13. பத்து நிமிஷ வேலை. சிலிண்டரும் அப்படியே: ஊரிலிருந்து கொண்டுவரும் ரெகுலேட்டர் இங்கே உதவாது. காலி 12 கிலோ சிலிண்டரைத் தெருமுனைக் கடையில் கொடுத்து நிறைந்ததை வாங்கி, மாட்டியபின் மூட்டில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

சந்தை அம்மாமாரே, உங்களைப் பற்றி எழுதத்தான் கை துடிக்கிறது. காத்ர் போர்னில் புதனும் சனியும் காய்கறி, வியாழனும் ஞாயிறும் துணி. நாள் மாறிப் போனால் பையில் கத்திரிக்காய்க்குப் பதில் பனியன்தான் வரும். உங்கள் கிரியோலுக்குள் எங்கள் பாட்டிகள் ஒளிந்திருக்கிறார்கள். கொத்தமல்லி கோத்தோமிலி, கறிவேப்பிலை காரிபுலே, முருங்கை முரும், பீர்க்கங்காய் பிப்பங்காய், ரசம் ரசோன். கேட்டுப் பழகினால் பாதி மொழி கைக்கு வந்துவிடும். மீதிப் பாதிக்கு நீங்கள்தான் வேண்டியிருந்தது. பாகற்காய் மார்கோஸ், வெண்டைக்காய் லாலோ, புடலங்காய் பாத்தோல், கீரை எதுவானாலும் முன்னால் "பிரேட்". பிரேட் மார்தேன் என்று நீங்கள் கட்டு நீட்டியபோது அது மணத்தக்காளி என்று இலையைக் கசக்கி மோந்துதான் புரிந்தது. அம்மிக்கு ரோஸ் காரி, குழவிக்குப் பாபா. பாபா என்றால் கைக்குழந்தையாம். தமிழிலும் குழவி என்றால் குழந்தைதான். அம்மியோடு கப்பலேறி வந்தவர்கள் அந்தச் சொல்லின் பொருளையும் சேர்த்தே இறக்கியிருக்கிறார்கள்!

சில்லறை எண்ணும்போது ரூபாய்த் தாளில் உள்ள தமிழ் எண்களைப் பிள்ளைகளுக்குக் காட்டியதும் நீங்கள்தான். ௨௫, ௫௦, ௧௦௦ என்று எங்கள் ஊரில் எந்தக் கடைக்காரரும் எழுதுவதில்லை. 1998-ல் அச்சான தாள்களில் தமிழ் இந்திக்குக் கீழே போனதும், எதிர்ப்பு எழுந்து அந்தத் தாள்கள் திரும்பப் பெறப்பட்டதும் உங்கள் வாயால் கேட்ட வரலாறு. ஒரு மொரிஷியஸ் ரூபாய் கிட்டத்தட்ட இரண்டு இந்திய ரூபாய் என்பதை மட்டும் முதல் மாதம் யாராவது காதில் ஓதிக்கொண்டே இருக்க வேண்டும்.

எபெனில் வேலைபார்க்கும் நம்மூர் அக்கா, மாவுக்காக உங்களுக்குத் தனி நன்றி. வக்குவா, கியூர்பிப் மேட்டுநிலம். ஆடி இரவில் 15 பாகைக்கு இறங்கும் குளிரில் இட்லி மாவு மறுநாள் பகலிலும் கல்லாகவே கிடக்கும். நீங்கள் சொன்ன கணக்கு: நான்கு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம், அரைக் கோப்பை அவல். உப்பு புளிப்பை மந்தமாக்கும் என்பதால் குளிர்காலத்தில் பொங்கிய பிறகே போட வேண்டும். கையால் கரைத்து, விளக்கை மட்டும் எரியவிட்ட மின்சார ஓவனுக்குள் 14 முதல் 16 மணி நேரம். அதே மாவு தை மாசம் போர்ட் லூயியில் ஆறு மணி நேரத்தில் பாத்திரத்தை விட்டு இறங்கி நடக்கும். தயிரும் நீங்கள் சொன்னபடிதான். இங்கே பெட்டிப் பாலும் பால்பவுடருமே மிகுதி. பெட்டிப் பாலைக் காய்ச்ச வேண்டாம், விரல் தாங்கும் சூடு போதும். லிட்டருக்கு இரண்டு கரண்டி பவுடர் கலந்தால் தயிர் நீர்த்துப் போகாது.

கோவில் பெரியவர்களுக்கு நன்றி, நாட்காட்டிச் சிக்கலை அவிழ்த்ததற்கு. மார்கழியில் வேர்வை, ஆடியில் கம்பளி; அது உடம்புக்குத் தெரிந்துவிடும். திதி தெரியாது. சென்னையில் அச்சிட்ட பஞ்சாங்கத்தில் திதி முடியும் நேரத்திலிருந்து ஒன்றரை மணி கழித்தால் இந்த ஊர் நேரம் வரும். ராகு காலத்தை அப்படிக் கழிக்கக் கூடாது. அது உள்ளூர்ச் சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரையுள்ள பொழுதை எட்டாகப் பிரிப்பது. தைப்பூசத்துக்கு நாடே விடுமுறை விடும் ஊரில் வாழை இலையில் ஏழு கறி பரிமாறினீர்கள். எந்தக் கறி எந்த மூலையில் விழ வேண்டும் என்று நாங்கள் வாயே திறக்காமல் இருந்ததுதான் நாங்கள் காட்டிய ஒரே நாகரிகம்.

பள்ளி விஷயம் சுருக்கமாக: ஆண்டு ஜனவரியில் தொடங்கும், ஜூனில் வந்தால் நடுவில் சேர்கிறீர்கள். சேர்க்கும்போதே மொழிப் பாடமாகத் தமிழைக் கேட்டு வாங்க வேண்டும். இதைச் சொன்ன ஆசிரியைக்கு நன்றி.

ஞாயிற்றுக்கிழமைகளுக்காகத் தெரு முழுவதற்கும் நன்றி. பிரியாணி அண்டாவை வேனில் ஏற்றிக்கொண்டு கடற்கரைச் சவுக்குத் தோப்புக்குக் கிளம்பும் கலையை உங்களிடம்தான் பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் தென்கிழக்குக் காற்று அடிக்கும், கிழக்குக் கரை கொந்தளிக்கும். அப்போது மேற்கே ஃபிளிக் ஆன் ஃபிளாக். வக்குவாவில் தூறினாலும் அங்கே வெயில் காயும், ஜன்னலைப் பார்த்துப் பயணத்தைக் கைவிடக் கூடாது. பவளத்திட்டில் இடைவெளி உள்ள இடத்தில் நீரோட்டம் வெளியே இழுக்கும், அதன் பக்கம் நீந்தக் கூடாது. சூயாக் பக்கத்துக் கிரி கிரியில் திட்டே இல்லை, அங்கே பார்ப்பதோடு சரி. தண்ணீரில் ரப்பர் செருப்பு கட்டாயம். கல்மீன் முள் குத்தினால் பொறுக்கும் அளவு சூடான நீரில், 45 பாகைக்கு மேல் போகாமல், அரை மணிக்குக் குறையாமல் காலை வைக்க வேண்டும்; அந்த நஞ்சு சூட்டில் முறியும். சூட்டைக் குத்துப்படாத கையால் பார்க்க வேண்டும், வலியில் இருக்கும் கால் பொய் சொல்லும். அப்படியே அவசர மருத்துவ உதவி எண் 114-ஐக் கூப்பிட வேண்டும். மேட்டுநிலப் புனித ஏரியான கிராண்ட் பாசினுக்குச் சட்டைக்குமேல் ஒரு சட்டை. பழத்தை வெளியே தெரிய வைத்தால் குரங்குக்கு நைவேத்தியம். சித்திரை முதல் ஆனி வரை பிளாக் ரிவர் காட்டோரம் சிவந்த சீனக் கொய்யா. உப்பும் மிளகாயும் பொட்டலமாக மறக்காமல்.

நடத்துநர் அண்ணன்மாரே, டிக்கெட்டை இறங்கும்வரை பத்திரமாக வைக்கச் சொன்னதற்கும், கடைசி வண்டி சீக்கிரமே போய்விடும் என்று ஒவ்வொரு முறையும் எச்சரித்ததற்கும் நன்றி. ஜூனில் ஆறு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். கரையில் இன்னும் ஒரு ஜோடி பருப்புப் பூரி என்று உட்கார்ந்தால் நடந்துதான் வர வேண்டும்.

எங்கள் வீட்டுச் சாமான்களில் 13 ஆம்பியர் பிளக்குகள் ஆறு, உள்ளூர் ரெகுலேட்டர், மூடியுள்ள தண்ணீர் டிரம் இரண்டு, பல அளவில் ரப்பர் செருப்பு, மாவு வைக்கும் பெரிய பாத்திரம் எல்லாம் வீட்டுக்காரம்மாவிடம் இருக்கின்றன. அடுத்து வரும் குடும்பம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். துணிக்கொடியை அவிழ்க்கவில்லை, அது வடபக்கமே கிடக்கிறது.