கேபிள் சுற்றக் கற்ற பெண்

லாஸ் ஏஞ்சல்ஸ்
14 செப்டம்பர் 2025

அன்புள்ள மணிக்கு,

இங்கே எல்லாரும் நலம். முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று நீ எழுதியிருந்த வரியை வீட்டில் சத்தமாகவே வாசித்துக் காட்டினேன். அடுத்த வரியில் ஸ்டூல் போட்டு ஏறி ஃபேன் துடைத்த கதை. செட்டுக்கு மேலே ஒற்றைப் பலகையில் நின்று லைட் கட்டினவன்தான், ஆனாலும் அந்தக் கால் வேறு, இந்தக் கால் வேறு. அடுத்த தீபாவளி வரைக்கும் ஸ்டூல் பக்கம் போகாதே.

உன் கேள்விக்கு வருகிறேன். 'ஹாலிவுட் நடிகர் ஜார்ஜ் குளூனி அங்கே சினிமா சொல்லிக்கொடுக்க அரசுப் பள்ளிக்கூடம் நடத்துகிறாராமே, நிஜமா? என் பேத்தி செல்லில் காட்டினாள்' என்று கேட்டிருக்கிறாய். பள்ளிக்கூடம் இருப்பது நிஜம். ஆனால் அதை நடத்துவது அவர் இல்லை, லாஸ் ஏஞ்சல்ஸ் பொதுப் பள்ளி நிர்வாகம். நியூயார்க்குக்கு அடுத்தபடியாக இந்த நாட்டிலேயே பெரிய பள்ளி நிர்வாகம் இதுதான். குளூனி, அவருடைய தயாரிப்புக் கூட்டாளி கிராண்ட் ஹெஸ்லோவ், இன்னும் சிலர் சேர்ந்து யோசனையைக் கொண்டுபோனார்கள். 2021 ஜூனில் அறிவித்தார்கள், 2022ல் ஒன்பதாம் வகுப்பும் பத்தாம் வகுப்புமாகத் தொடங்கினார்கள். நடிகர்கள் டான் சீடில், கெர்ரி வாஷிங்டன், ஈவா லாங்கோரியா எல்லாம் ஆலோசனைக் குழுவில் சேர்ந்தார்கள். நடிகை மிண்டி கேலிங்கும் உண்டு. அந்தம்மா முழுப்பெயர் வேரா மிண்டி சொக்கலிங்கம். அப்பா நம்ம ஊர்க்காரர். சொக்கலிங்கத்தின் வால்தான் கேலிங்காக நிற்கிறது. இதை உன் பேத்தியிடம் சொல்லு, சந்தோஷப்படுவாள்.

பெயர் ராய்பல் பள்ளி. ஃபீஸ் கிடையாது. நடிப்புத் தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்ப்பதும் கிடையாது. விண்ணப்பம் போட்டால் குலுக்கல். எந்த வட்டாரத்துப் பிள்ளை, அண்ணன் அக்கா அங்கே படிக்கிறார்களா என்பது மாதிரி சில விஷயங்களுக்குப் புள்ளிகள் உண்டு, அவ்வளவுதான். கறுப்பர் பிள்ளைகள் ஒரு பக்கம், வெள்ளையர் பிள்ளைகள் ஒரு பக்கம் என்று பள்ளிகள் பிரிந்து கிடந்ததை மாற்றச் சொல்லி நடந்த வழக்குகளின் காலத்தில், 1970களில் வந்த ஏற்பாடு இது. மேக்னட் பள்ளி என்பார்கள். ஒரு பள்ளிக்கு ஒரு சிறப்புப் பாடம் கொடுத்தால், ஊரின் எந்த மூலையிலிருந்தும் பிள்ளைகள் தேடி வருவார்கள் என்ற கணக்கு.

அந்தக் கட்டடத்துக்கே ஒரு கதை இருக்கிறது மணி. 1892ல் டொஹேனி என்பவர் இந்த நகரத்தில் முதன்முதலாக எண்ணெய் எடுத்த வட்டாரம் அது. பழைய எண்ணெய் வயல் மேலேயே 1997ல் பள்ளி கட்ட ஆரம்பித்தார்கள். பாதிக் கட்டடம் எழும்பிய பிறகு மண்ணுக்குள் மீத்தேன், ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற ஆபத்தான வாயுக்கள் இருப்பது பெரிய பிரச்சினையாகி வேலை நின்றது. அதைச் சரிசெய்யலாம் என்று இறங்கினால், 2002ல் அடியில் பூகம்பப் பிளவு ஓடுவது தெரிந்தது. கட்டியதில் சிலவற்றை இடித்து, திட்டத்தை மாற்றி, ஒருவழியாக 2008ல்தான் திறந்தார்கள். அந்த வட்டாரத்துப் பிள்ளைகள் அத்தனை வருஷமும் தூரத்துப் பள்ளிகளுக்கு பஸ் ஏறிப் போனார்கள். நகர்மன்றத்திலும் பிறகு 30 வருஷம் அமெரிக்க நாடாளுமன்றத்திலும் இருந்த எட்வர்ட் ராய்பல் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். சுற்றிலும் எல் சால்வடார், குவாத்தமாலா, மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பங்கள். ஹாலிவுட் என்ற பெயர்ப்பலகை மலை மேல் தெரிகிற தூரம். ஆனால் அங்கே வேலை செய்கிற ஒருத்தரைக்கூடத் தெரியாத வீடுகள்.

இதை நான் எங்கள் கடை கவுன்ட்டரிலிருந்தே பார்த்தவன். உனக்குத் தெரியும், 1998ல் இங்கே வந்ததும் கேமரா அசிஸ்டென்ட் வேலைக்கு அலைந்தேன். யூனியன் கார்டு இருக்கிறதா என்றார்கள். கார்டு வேண்டுமென்றால் சில பிரிவுகளில் 30 நாள் வேலை பார்த்த சான்று வேண்டும். அந்த வேலையைக் கார்டு இல்லாதவனுக்கு யார் கொடுப்பார்? பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும். கடைசியில் கேமரா வாடகைக்கு விடுகிற கடையில் லென்ஸ் துடைக்கப் போய், அங்கேயே 25 வருஷம் ஓடிவிட்டது. படம் தொடங்குவதற்கு முன் கருவிகளைச் சரிபார்க்க வருகிற பையன்களிடம், 'எப்படிப்பா இந்த வேலைக்கு வந்தாய்?' என்று கேட்பேன். அப்பா கேமரா ஸ்டாண்டும் தண்டவாளமும் போடுகிற கிரிப், மாமா லைட் ஆட்களுக்குத் தலைமையான கேஃபர், பெரியப்பா சவுண்ட். பெரும்பாலும் இதுதான் பதில். தப்பு என்று சொல்ல மாட்டேன், நம்ம ஊரிலும் லைட்மேன் மகன் லைட்மேன்தானே. குளூனிக்கே அத்தை ரோஸ்மேரி குளூனி பெரிய பாடகி, அப்பா டிவியில் செய்தி வாசித்தவர். வாசலுக்கு உள்ளே பிறந்த ஒருத்தர், வெளியே நிற்கிற பிள்ளைகளுக்குச் சின்ன வயசிலேயே கதவைத் திறக்க வேண்டும் என்று நினைத்தாரே, அதற்காகவே எனக்கு அவர் மேல் மரியாதை.

நட்சத்திரங்கள் பெயரைத்தான் செய்தியில் போடுகிறார்கள். ஆனால் அந்தப் பள்ளி நடிகர்களைத் தயாரிக்க வந்ததில்லை. கேமரா, எடிட்டிங், சவுண்ட், விஷுவல் எஃபெக்ட்ஸ் என்று திரைக்குப் பின்னால் இருக்கிற கைவேலைகள்தான் அங்கே முக்கியம். கணக்கு, அறிவியல், ஆங்கிலம் எல்லாம் மற்றப் பள்ளிகளைப் போலவே உண்டு. பல்கலைக்கழகத்துக்குப் போக நினைக்கிற பிள்ளைக்கு வழி அடைபடாது.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பாய். எங்கள் அபார்ட்மென்டில் கீழ்வீட்டுப் பெண் அங்கே படிக்கிறாள். அம்மா எல் சால்வடார்க்காரி, ஹோட்டலில் அறை சுத்தம் செய்கிறாள். போன வருஷம் ஒருநாள் நான் வேலை முடிந்து வரும்போது, அந்தப் பெண் வராந்தாவில் உட்கார்ந்து நீளமான எக்ஸ்டென்ஷன் கேபிளைச் சுற்றிக்கொண்டிருந்தாள். ஒரு வளையம் மேலாக, அடுத்த வளையம் கையைத் திருப்பி உள்ளாக. சுற்றி முடித்து, ஒரு முனையைப் பிடித்துத் தரையில் வீசினாள். முறுக்கு விழாமல் கோடு போட்ட மாதிரி ஓடியது. திரும்பச் சுற்றினாள், திரும்ப வீசினாள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. முதல் நாள் ஷூட்டிங்கில் நான் கேபிளை முழங்கையில் சுற்றியபோது நீ ஓடிவந்து பிடுங்கி, 'உள்ளே கம்பி செத்துடும்டா' என்று கத்தினாயே, அந்த நாள் ஞாபகம் வந்தது. ஆறு மாசம் திட்டு வாங்கி நான் கற்றதை, இவள் பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணுக்குக் கற்கிறாள்.

அன்றிலிருந்து அவள் அடிக்கடி மேலே வருவாள். ஒரு சனிக்கிழமை ஒரு எல்.இ.டி. விளக்கை எடுத்து வந்தாள். என் பழைய லைட் மீட்டரைக் கொடுத்தேன். சமையலறைச் சுவரிலிருந்து 1 மீட்டரில் விளக்கை வைத்தோம், மீட்டர் 5.6 காட்டியது. '2 மீட்டருக்குத் தள்ளினால் என்ன வரும்?' என்றேன். 4 என்றாள். தள்ளி வைத்து அவளையே பார்க்கச் சொன்னேன். 2.8. கொஞ்ச நேரம் விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் ஒரு பில் காகிதத்தை எடுத்து, அதன் பின்பக்கத்தில், தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்கு, ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதி, அதனால் 5.6லிருந்து இரண்டு ஸ்டாப் இறங்கி 2.8 என்று தானே எழுதினாள். கணக்கில் ஃபெயில் ஆகிவிடுவாள் என்று அவள் அம்மா என் வீட்டுக்காரியிடம் புலம்பிக்கொண்டிருந்த பெண் அவள். உனக்கும் எனக்கும் இந்தக் கணக்கு கையில் இருந்தது, காகிதத்தில் இல்லை. அதனாலேயே, பெரிய கேமராமேன் யாராவது ஏன் என்று கேட்டால் வாயடைத்து நின்றோம். அவளுக்கு இரண்டும் இருக்கும்.

இப்போது என் மனசில் இருக்கிற கவலையையும் சொல்லிவிடுகிறேன். பள்ளி தொடங்கின மறுவருஷமே, 2023ல், எழுத்தாளர்கள் மே மாதம் ஸ்டிரைக்கில் இறங்கினார்கள். ஜூலையில் நடிகர்களும் சேர்ந்தார்கள். எழுத்தாளர்கள் 148 நாள், நடிகர்கள் 118 நாள். கோரிக்கைகள் நியாயமானவை. ஆனால் அந்த மாசங்களில் எங்கள் கடையில் பெட்டிகள் அலமாரியை விட்டு இறங்கவே இல்லை. அதற்குப் பிறகும் பழைய வேகம் திரும்பவில்லை. ஜார்ஜியா மாநிலம், கனடா, இங்கிலாந்து என்று வரிச்சலுகை கொடுக்கிற இடங்களுக்குப் படங்கள் போய்விடுகின்றன. இந்த ஜனவரியில் காட்டுத் தீ பக்கத்தில் இருக்கிற ஆல்டடீனா ஊரை எரித்தபோது, எங்களிடம் வாடிக்கையாக வருகிற தொழிலாளர்கள் சிலருக்கு வீடே போயிற்று. கலிஃபோர்னியா அரசு இந்த வருஷம் வரிச்சலுகையை 33 கோடி டாலரிலிருந்து 75 கோடியாக உயர்த்தியிருக்கிறது. அது வேலையாக மாறி இந்தப் பிள்ளைகள் கைக்கு வர எத்தனை நாளாகுமோ.

'பதினாலு வயசுப் பிள்ளையை இப்படி ஆட்டம் காண்கிற தொழிலுக்கு அனுப்பலாமா?' என்று அவள் அம்மா என்னிடமே கேட்டாள். மூன்று நாள் யோசித்தேன் மணி. நான் சொன்ன பதில் இது: அந்தப் பள்ளி அவளை ஒரு தொழிலில் கட்டிப்போடவில்லை. ஆறரை மணி கால்ஷீட் என்றால் ஆறே காலுக்கு நிற்பது, தன் வேலை முடிந்ததும் பக்கத்து டிபார்ட்மென்டுக்குக் கைகொடுப்பது, ஒரு யூனிட்டாக இயங்குவது, இதெல்லாம் எங்கே போனாலும் கூட வரும். ஆனால் பள்ளியால் மட்டும் முடியாத ஒன்று இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொன்னேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வெளியே வருகிற பிள்ளைக்கு அந்த முதல் 30 நாளை யாராவது கொடுக்க வேண்டும். ஸ்டூடியோக்கள் பள்ளிக்குப் பணம் கொடுக்கின்றன, அது நல்லதுதான். பணத்தைவிட அந்த 30 நாள் பெரிசு. சம்பளத்தோடு பயிற்சி, அதன் பின்னால் கார்டு. அது ஒவ்வொரு வருஷமும் தவறாமல் நடந்தால்தான் நான் இந்தப் பள்ளி ஜெயித்தது என்பேன்.

இன்னொரு நல்ல செய்தியும் உண்டு. ராய்பல் அறிவிப்பு வந்தபோது பள்ளி நிர்வாகத் தலைவராக இருந்த ஆஸ்டின் பியூட்னர், பதவியை விட்டபிறகு, மாநிலம் முழுக்கப் பொதுப் பள்ளிகளில் கலைப் பாடங்களுக்கு நிதி ஒதுக்க வேண்டும் என்று மக்கள் வாக்கெடுப்புக்கு முன்னால் நின்றார். 2022 நவம்பரில் ஜெயித்தது. வருஷத்துக்கு ஏறக்குறைய 100 கோடி டாலர், பெரிய பள்ளி நிர்வாகங்கள் அதில் 80 சதவீதத்தை ஆசிரியர்களுக்கும் உதவியாளர்களுக்குமே செலவழிக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். கருவி வாங்கிப் பூட்டி வைப்பது வேறு, கற்றுக்கொடுக்க ஆள் வைப்பது வேறு. எனக்கு அந்த 80 சதவீதம்தான் ரொம்பப் பிடித்தது.

உன் பேத்தி பிளஸ் டூ முடித்து விஸ்காம் சேரட்டுமா என்று கேட்கிறாள் என்றாயே. சேரட்டும். ஆனால் அதற்கு முன்னால், முட்டி சரியானதும் ஒருநாள் அவளை லொகேஷனுக்கு அழைத்துப் போ. காலையில் லாரியிலிருந்து லைட் இறக்குவதிலிருந்து ராத்திரி பேக்கப் வரைக்கும் நிற்கட்டும். வீட்டுக்கு வந்து சோர்ந்து படுத்தபிறகும் அதையே பேசிக்கொண்டிருந்தால் உனக்கே தெரிந்துவிடும்.

கடைசியாக ஒரு உதவி. வருகிற 27ந்தேதி சனிக்கிழமை கீழ்வீட்டுப் பெண் பள்ளிக்காக மூன்று நிமிஷப் படம் எடுக்கிறாள். அவள் அம்மா ராத்திரி வேலை முடிந்து வந்து எங்கள் வராந்தாவில் நடந்துவந்து கதவைத் திறப்பதுதான் காட்சி. நாலரை அடி அகலம், மேலே பச்சை அடிக்கிற டியூப்லைட், மாநிற முகம். லைட்டை நேரே அடித்தால் நெற்றி மட்டும் பளபளக்கிறது, கண் இருட்டில் போய்விடுகிறது. திருவல்லிக்கேணிச் சந்தில் நீ வெளிச்சத்தைத் திருப்பிவிட இரண்டு தெர்மாகோலை வைத்து ஒரு ராத்திரிக் காட்சியை ஒப்பேற்றினாயே, ஒன்றைக் கீழே சாய்த்து வைத்தாய், இன்னொன்றை எங்கே வைத்தாய் என்று எனக்கு எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. படம் வரைந்து, செல்லில் போட்டோ எடுத்து அனுப்பு. பேத்தியை அனுப்பச் சொல்லு. சென்னையில் ஒரு பெரிய லைட்மேன் இருக்கிறார், அவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். தினமும் வந்து பதில் வந்ததா என்று கேட்கிறாள்.

உன்
சேகர்