சொட்டு மருந்து இன்னும் வரவில்லை, ஐயா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் நானோ தொழில்நுட்பத்தால், அதாவது மிக நுண்ணிய துகள்களைக் கொண்டு, பார்வையைச் சரிசெய்வது பற்றி ஒரு பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். அதில் ஒரு வரி: "இனி கண்ணாடி என்ற குறையைச் சுமக்க வேண்டாம், இரண்டு சொட்டு போதும்." இந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

அந்த ஆராய்ச்சி எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஜெருசலேம் ஷாரே செடெக் மருத்துவமனையின் டாக்டர் டேவிட் ஸ்மாட்ஜாவும் பார் இலான் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து செய்து, 2018-ல் உலகம் முழுக்கச் செய்தியானது அது. சோதித்தது பன்றிக் கண்களில். அதுவும் வெறும் சொட்டு மருந்து இல்லை. முதலில் கண்ணின் பவரை செல்போன் செயலியால் அளக்க வேண்டும், அப்புறம் லேசரால் கருவிழியின் மேல்தோலில் ஒரு வடிவத்தைப் பதிக்க வேண்டும், அதன் மேல்தான் நானோ துகள் கலந்த சொட்டு. கருவிழியை வெட்டாமல் ஒளி போகும் பாதையை மாற்றலாம் என்பது உண்மையிலேயே அருமையான யோசனை, நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த மேல்தோல் சில நாட்களிலேயே தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் என்பதால் ஒரு தடவை விட்டு முடிகிற காரியமும் இல்லை. உங்கள் கட்டுரையில் பன்றியும் இல்லை, லேசரும் இல்லை, வருஷமும் இல்லை. சொட்டு மட்டும்தான் இருந்தது.

நான் நீடாமங்கலம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியை. 2009-ல் கண்ணொளி காப்போம் திட்டம் வந்ததிலிருந்து பிள்ளைகளைச் சுவர் அட்டை முன்னால் நிறுத்தி, ஒரு கண்ணை மூடச் சொல்லிப் பார்வை சோதிப்பது எங்கள் வேலைகளில் ஒன்று. என் வகுப்பில் ஒரு பெண், எட்டாவது படிக்கிறாள். கரும்பலகையில் 3 என்று எழுதினால் நோட்டில் 8 என்று எழுதுவாள். கணக்கு சார் கவனமில்லை என்று திட்டுவார், அவளும் பதில் பேசாமல் வாங்கிக்கொள்வாள். கிட்டப்பார்வை என்று தெரிந்து கண்ணாடி வந்த பிறகு முன் பெஞ்சுக்கு வரவே வேண்டியிருக்கவில்லை, இருந்த இடத்திலிருந்தே வாய்விட்டுப் படித்தாள். உங்கள் கட்டுரை வந்த மறுநாள் கண்ணாடி இல்லாமல் வந்து, பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்து எழுதுகிறாள். கண்ணாடி ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் காம்பஸுக்குக் கீழே கிடந்தது, கண்ணாடி முழுக்க கீறல்.

அவள் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். நூறு நாள் வேலையிலிருந்து நேரே வந்தவர், முந்தானையிலிருந்து உங்கள் பேப்பரை எடுத்துக் காட்டினார். "பேப்பர்லயே போட்டுட்டாங்க டீச்சர், சொட்டு மருந்து வரப்போவுதாம். அதுவரைக்கும் எதுக்குக் கண்ணாடி? இப்பவே மாட்டிக்கிட்டுத் திரிஞ்சா நாளைக்கு எவன் டீச்சர் கட்டுவான்?" அந்தத் தாய் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருடைய பயத்துக்குக் 'குறை' என்று பெயர் வைத்து அச்சிலும் ஏற்றியது நீங்கள்தான். கண்ணாடி போடுவதால் பவர் ஏறாது, பிள்ளை வளரும்போது கண்ணும் நீள்வதால் ஏறுகிறது. இரண்டு கண்ணுக்கும் பவர் ரொம்ப வித்தியாசப்பட்டுச் சின்ன வயதிலேயே கண்ணாடி போடாமல் விட்டால் ஒரு கண்ணை மூளை பயன்படுத்தாமல் விட்டு அது சோம்பேறிக் கண்ணாகிவிடும், வளர்ந்த பிறகு கண்ணாடி மட்டும் போட்டு முழுப் பார்வை வருவது கஷ்டம். பவர் நிலைக்கட்டும் என்று லேசர் சிகிச்சைக்கே பதினெட்டு வயது தாண்டட்டும் என்கிறார்கள் டாக்டர்கள். இதில் ஒன்றையாவது அந்தப் பக்கத்தில் போட இடமில்லையா?

இதற்கு முன்னும் இப்படித்தான். வெள்ளெழுத்துக்குச் சொட்டு மருந்து, பதினைந்து நிமிடத்தில் கண்ணாடி வேண்டாம் என்று 2024-ல் முதல் பக்கத்தில் போட்டீர்கள். அந்தச் சொட்டில் இருந்த பைலோகார்பின் என்ற மருந்து கண்மணியைச் சுருக்கிக் கொஞ்ச நேரம் கிட்டத்து எழுத்தைத் தெளிவாக்கும், அவ்வளவுதான். விளம்பரம் எல்லை மீறுகிறது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதே வருஷம் செப்டம்பரில் அதன் அனுமதியை நிறுத்திவைத்ததை உள்பக்கத்தில் நாலு வரியில் முடித்துக்கொண்டீர்கள். பொன்னாங்கண்ணி தின்றால் கண்ணாடியைக் கழற்றிவிடலாம் என்று மகளிர் பக்கத்தில் வந்தது. கீரை நல்லது, மாலைக்கண்ணுக்கு நல்லது, கிட்டப்பார்வையை அது என்ன செய்யும்? மேட்டூர் திறந்த மறுநாளே 'கடைமடை விவசாயிகள் மகிழ்ச்சி' என்று போடுவீர்கள், தண்ணீர் அப்போது கல்லணைக்கே வந்திருக்காது. அதைப் பற்றி நான் எழுதிய கடிதத்தை நீங்கள் போடவும் இல்லை.

சொட்டு மருந்து என்று எழுதும்போது இந்தப் பக்கத்து ஆட்களை நினைத்துப் பாருங்கள் ஐயா. என் அண்ணன் தை அறுவடையில் களத்தில் நின்றபோது நெல் தெறித்துக் கண்ணில் பட்டது. கண் சிவந்து உறுத்தியதும் மெடிக்கலில் ஒரு சொட்டு மருந்து கேட்டார், சீட்டு இல்லாமலே கொடுத்தார்கள், விட்டதும் சிவப்பு குறைந்து சுகமாக இருந்தது. அது ஸ்டீராய்டு. நெல்லும் தழையும் கீறிய இடத்தில் பூஞ்சைக் கிருமி பற்றும், ஸ்டீராய்டு அதை வளர்த்துவிடும். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது புண்ணைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டுத்தான் பூஞ்சை மருந்து ஆரம்பித்தார்கள். புண் ஆறியது, கருவிழியில் வெள்ளைத் தழும்பு நின்றுவிட்டது. அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. இப்போதும் வரப்பில் நடக்கும்போது இடது பக்கம் யாராவது வந்தால் திரும்பிப் பார்த்து "யாரு?" என்பார். சொட்டு விட்டால் கண் சரியாகும் என்று பெரிய எழுத்தில் படிக்கிற குடும்பம் முதலில் போய் நிற்பது டாக்டரிடம் இல்லை, மெடிக்கலில்தான். இது உங்கள் மாவட்ட நிருபருக்கும் தெரியும், அவரும் இந்த ஊர்க்காரர்தான்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. வரும் ஞாயிறு அதே இணைப்பில், அதே பக்கத்தில், அந்தச் சோதனை பன்றிக் கண்களில் நடந்தது, அந்தச் சொட்டு எந்தக் கடையிலும் விற்பனைக்கு இல்லை, பிள்ளைகளின் கண்ணாடியைக் கழற்றாதீர்கள் என்று கண்ணில் படும் அளவு எழுத்தில் போடுங்கள். பக்கத்தில் இடமிருந்தால் மன்னார்குடி, நீடாமங்கலம் வட்டாரங்களில் அடுத்து நடக்கும் இலவசக் கண் முகாம் தேதிகளையும் சேர்த்துப் போடுங்கள். அந்த அம்மா உங்கள் பேப்பரைத்தான் நம்புகிறார், நான் சொன்னதை நம்பவில்லை. அரையாண்டுத் தேர்வு நெருங்குகிறது, அதற்குள் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
நடுநிலைப் பள்ளி ஆசிரியை,
நீடாமங்கலம் வட்டம்.