வான்போர் வரலாறு கற்பிப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். வான்படைக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் போர் வரலாற்றைப் பாடமாக நடத்தும் உங்கள் முன் ஒரு கோரிக்கையை வைக்கவே இம்மடலை எழுதுகிறேன். எந்த விமானம் எவ்வளவு வேகமாகப் பறந்தது, எத்தனை ஏவுகணைகளைச் சுமந்தது என்னும் அட்டவணைகளிலிருந்து பாடத்தைத் தொடங்காதீர்கள். அந்தக் கருவிகளை யார், எந்தத் தகவலை நம்பி, எதை அடைவதற்காகக் களத்தில் இறக்கினார்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். வான்போர்களைப் பல ஆண்டுகளாகப் படித்துவரும் எனக்கு, தோற்ற தரப்பிடம் நல்ல கருவி இல்லாமல் போனதைவிட, கருவியைப் பற்றிய தவறான கணிப்பே அடிக்கடி கண்ணில் படுகிறது.

1940ஆம் ஆண்டின் பிரிட்டன் வான்போரை, ‘ரேடார் இருந்தது, பிரிட்டன் வென்றது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். ஜெர்மனியிடமும் ரேடார் இருந்தது. சொல்லப்போனால் அதன் ஃப்ரேயா, வூர்ட்ஸ்பர்க் கருவிகள் பிரிட்டனின் ‘செயின் ஹோம்’ நிலையங்களைவிட நேர்த்தியானவை. செயின் ஹோம் கோபுரங்கள் கடலை நோக்கியே பார்த்தன; கரையைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட விமானங்களைப் பார்வையாளர் படையினர் கண்ணாலும் காதாலும்தான் பின்தொடர வேண்டியிருந்தது. ஆனால் கிடைத்த தகவலைக் கையாள, பிரிட்டனின் போர் விமானப் பிரிவுத் தலைவர் ஹ்யூ டவுடிங் வகுத்திருந்த ஒழுங்குக்கு அன்று எதிர்த்தரப்பில் ஈடு இல்லை. ஒன்றுக்கொன்று முரண்பட்ட ரேடார் அறிக்கைகள் முதலில் அவரது தலைமையகமான பெண்ட்லி பிரையரியில் ஓர் அறையில் ஒப்பிட்டுச் சலிக்கப்பட்டன. அதன் பிறகே அவை கட்டுப்பாட்டு அறைகளுக்குச் சென்றன.

லண்டனை ஒட்டிய அக்ஸ்பிரிட்ஜில் இருந்த கட்டுப்பாட்டு அறையின் சுவர்க் கடிகாரத்தை மாணவர்களுக்குக் காட்டுங்கள். அதன் முகப்பு ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாகச் சிவப்பு, மஞ்சள், நீலம் என மாறிமாறி வண்ணமிடப்பட்டிருக்கும். மேசையில் விரித்த வரைபடத்தின் மீது எதிரி விமானக் கூட்டத்தின் நகர்வைக் குறிக்கும் பெண், நிமிட முள் எந்த வண்ணத்தின் மேல் நிற்கிறதோ அந்த வண்ண அம்பையே வைப்பார். மேலே மாடத்தில் அமர்ந்திருந்த அதிகாரிக்கு, எந்தத் தகவல் புதியது, எது பழையதாகிவிட்டது என்பது யாரையும் கேட்காமலேயே விளங்கிவிடும். அந்த வண்ணக் கடிகாரம் ரேடாருக்கு இணையான தொழில்நுட்பம் என்றே நான் கருதுகிறேன்.

ஜெர்மன் உளவுத்துறை இந்த ஒழுங்கின் உட்பொருளைக் கடைசிவரை பிடிக்கவில்லை. ஆகஸ்ட் 12 அன்று வெண்ட்னர் ரேடார் நிலையம் குண்டுவீச்சில் செயலிழந்தது. ஆனால் மூன்றே நாளில், ரேடார் நிலையங்களைத் தொடர்ந்து தாக்குவதால் பயனுண்டா என்று ஜெர்மன் வான்படைத் தலைவர் கோரிங் ஐயம் தெரிவித்தார். செப்டம்பர் 7 அன்று தாக்குதல் லண்டனை நோக்கித் திரும்பியது. ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109 போர் விமானங்களின் எரிபொருளோ லண்டன் வானில் ஏறத்தாழ பத்து நிமிடச் சண்டைக்கே போதுமானதாக இருந்தது. இந்தத் திருப்பம் ஒன்றே போரை முடிவு செய்தது என்று எழுதும் நூல்களோடு எனக்கு உடன்பாடில்லை. எதிரியின் கண் எங்கே இருக்கிறது என்று அறியாமல் போரைத் தொடங்கியதே முதற்பிழை.

குண்டுவீச்சு விமானங்கள் தம்மைத் தாமே காத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கைக்கு அமெரிக்காவும் விலை கொடுத்தது: 1943 அக்டோபர் 14 அன்று ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரைத் தாக்கப் புறப்பட்ட 291 பி-17 விமானங்களில் 60 வீழ்ந்தன.

வியட்நாம் போரைச் சற்று விரிவாகவே நடத்த வேண்டுகிறேன். இனி ஏவுகணைக் காலம் என்று நம்பி, அமெரிக்கர்கள் தங்கள் ஃபேண்டம் போர் விமானத்தை உள்ளமைந்த பீரங்கி இல்லாமலேயே வடிவமைத்தார்கள். அதன் ஸ்பேரோ ஏவுகணை தொலைவில் வரும் குண்டுவீச்சு விமானங்களை வீழ்த்த உருவானது. களத்திலோ, எதிரியைப் பெரும்பாலும் கண்ணால் உறுதிசெய்த பிறகே சுட வேண்டும் என்ற விதி இருந்தது. அந்த விதி, ஏவுகணையின் ஒரே பலமான தொலைவை அதனிடமிருந்து பறித்துவிட்டது. பீரங்கி இல்லாததே குறை என்று பலர் பாடத்தை இங்கேயே முடித்துவிடுகிறார்கள். அமெரிக்க விமானப்படை பிற்பாடு பீரங்கியைப் பொருத்தியது உண்மைதான். ஆனால் கடற்படையின் ஃபேண்டம்களுக்குக் கடைசிவரை உள்ளமைந்த பீரங்கி வரவில்லை. கடற்படையோ 1968இல் ஃபிராங்க் ஆல்ட் என்ற அதிகாரியின் தலைமையில் தன் தோல்விகளை ஆராய்ந்து, ஏவுகணைப் பராமரிப்பைச் சீர்செய்து, 1969இல் கலிஃபோர்னியாவின் மிராமர் தளத்தில் தனிப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது. 1972இல் சண்டை மீண்டும் மூண்டபோது, அதே வகை விமானத்தில் சென்ற கடற்படை விமானிகள் முன்னைவிடப் பன்மடங்கு நல்ல கணக்கோடு திரும்பினார்கள்.

எல்லாப் பழியையும் தலைமையின் மேல் போடுவதும் சரியன்று. மெஸ்ஸர்ஷ்மிட் 262 ஜெட் விமானம் தாமதமானதற்கு, அதைக் குண்டுவீச்சு விமானமாக்க வேண்டும் என்ற ஹிட்லரின் பிடிவாதமே காரணம் என்று சொல்லிவருகிறோம். நிக்கலுக்கும் குரோமியத்துக்கும் தட்டுப்பாடு நிலவிய நாட்டில், வெப்பம் தாங்கும் உலோகமின்றிச் செய்யப்பட்ட அதன் எஞ்சின்கள் சில பத்து மணி நேரம்கூட நிலைக்கவில்லை என்பதே பெரிய காரணம்.

1999 மார்ச் 27 அன்று யுகோஸ்லாவியாவில் அமெரிக்காவின் எஃப்-117 விமானம் வீழ்ந்ததை மட்டும் தவறாமல் சேர்த்துக்கொள்ளுங்கள். ரேடாருக்கு எளிதில் சிக்காது எனப் பெயர்பெற்ற அதை வீழ்த்தியது, 1960களின் தொடக்கத்தில் களத்துக்கு வந்த சோவியத் எஸ்-125 ஏவுகணை. தாக்க வந்தவர்கள் பழகிய வழித்தடங்களிலேயே மீண்டும் மீண்டும் வந்தார்கள். யுகோஸ்லாவிய அதிகாரி சோல்டான் டானியின் ஏவுகணைப் பிரிவினரோ ரேடாரைச் சில நொடிகளே இயக்கி, இடத்தை அடிக்கடி மாற்றிக்கொண்டார்கள்.

ஆகவே தேர்வுத் தாளில் ‘எது சிறந்த விமானம்?’ என்ற வினாவை நீக்கிவிட்டு, 1940 ஆகஸ்ட் 15 அன்று ஜெர்மன் தலைமையின் கையில் இருந்த தகவல்களை மட்டும் கொடுத்து, மாணவர் என்ன ஆணையிடுவார் என்று கேளுங்கள். பின்னால் நடந்ததை அறிந்திருப்பதால் வரும் தெளிவு விடையில் எங்கெல்லாம் நுழைகிறதோ, அங்கெல்லாம் சிவப்பு மையால் அடிக்கோடிடுங்கள்.

இப்படிக்கு,
வான்போர் வரலாற்று வாசகர் ஒருவர்