‘ஓரிரு இடங்களில்’ நாங்களும் இருக்கிறோம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வெள்ளிக்கிழமை உங்கள் நாளிதழில் ‘நாடு முழுவதும் வார இறுதி வானிலை’ என்று முக்கால் பக்கத்துக்கு வந்ததை ஓர் எழுத்து விடாமல் படித்தேன். இமாச்சலத்தில் பனி, டெல்லியில் புழுதிக்காற்று, வங்காளத்தில் கால்பைசாகி இடிமழை, ஸ்ரீநகர் துலிப் தோட்டத்தின் வண்ணப்படம் எல்லாம் இருந்தன. எங்களுக்குக் கடைசியில் ஒரே வரி: ‘தென் மாநிலங்களில் வறண்ட, இதமான வசந்தகால வானிலை, வெளியூர் செல்ல ஏற்ற வார இறுதி.’

அந்த வரியை நம்பித்தான் சனிக்கிழமை விடியற்காலை நாலு மணிக்கு எட்டுப் படி அரிசிக்குக் கூழ் காய்ச்சினேன்.

காரைக்குடிப் பக்கத்துப் பள்ளத்தூரில் 26 வருஷமாக வற்றல், வடகம் போட்டு விற்று வருகிறேன். மாசிக் கடைசியிலிருந்து சித்திரை வரை காய்வதுதான் எங்கள் வருஷச் சோறு. கூழ் வற்றலுக்கு முதல் நாள் வெயில் உயிர் மாதிரி. வேட்டியில் பிழிந்தது சாயங்காலத்துக்குள் இறுகி, மறுநாள் துணியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரிக்கிற பதத்துக்கு வர வேண்டும். முதல் நாளே நனைந்தால் கரைந்து துணியோடு போய்விடும். மூட்டம் போட்டாலே புளிப்பு வாடை ஏறிவிடும், அதை மனிதர் வாயில் வைக்க முடியாது.

அன்று விடியும்போதே புழுங்கியது. அப்பத்தா இருந்திருந்தால் “இன்னிக்கு அடுப்பப் பத்தவைக்காத ஆத்தா” என்றிருப்பார். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் பேப்பரில் போட்டிருக்கிறார்களே என்று என் உடம்புக்குத் தெரிந்ததைத் தள்ளிவைத்தேன். இதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. மத்தியானம் மூன்று மணிக்குக் காற்று, புழுதி, அதன் பின்னால் காசு காசாகத் தூறல், பிறகு இருபது நிமிஷம் கொட்டித் தீர்த்தது. மொட்டைமாடிக்கும் வளவுக்கும் நாலு பெண்கள் ஓடினோம். கால்வாசிகூடத் தேறவில்லை. அந்த நாலு பேருக்கும் அன்றைக்குக் கூலி கொடுத்தேன், அது என் கடமை.

மழையை நான் குறை சொல்லவில்லை. ஊருணித் தண்ணீரைக் குடித்து வளர்ந்த ஊர் இது. நாலு பக்கத்து ஓட்டுத் தண்ணீரும் முற்றத்தில் இறங்கும்படி வீட்டைக் கட்டி, அண்டா வைத்துப் பிடித்தவர்கள் எங்கள் ஆட்கள். பங்குனியில் ஒரு மழை பெய்தால் கும்பிடத்தான் தோன்றும். வரப்போகிறது என்று ஒரு வார்த்தை முன்னால் வந்திருக்கலாமே என்றுதான் கேட்கிறேன்.

அந்த வார்த்தை வந்துதான் இருக்கிறது. சென்னை வானிலை மையத்தின் அறிக்கையை மாப்பிள்ளை செல்போனில் எடுத்துக் காட்டினார். உள் மாவட்டங்களில் ‘ஓரிரு இடங்களில்’ இடியுடன் மழைக்கு வாய்ப்பு என்று அதில் இருக்கிறது. ‘ஓரிரு இடங்களில்’ என்றால் மழை அளக்கும் நிலையங்களில் நாலில் ஒன்று வரை என்பதும், அதைத் தாண்டினால்தான் ‘சில இடங்கள்’, ‘பல இடங்கள்’ என்று போகும் என்பதும் நான் சொல்லி உங்களுக்குத் தெரியவேண்டியதில்லை. வெயில் ஏற ஏற மேகம் கட்டி மாலையில் உடைவதுதான் கோடைமழை. காலை வெயிலைப் பார்த்து அதைக் கணிக்க முடியாது என்பதும் உங்களுக்குத் தெரியும். தெரிந்தவர்கள் ஏன் அந்த ஒரு வரியை வெட்டினீர்கள்?

இது புதிதும் அல்ல. தினமும் ‘தமிழகம், புதுச்சேரி மற்றும் காரைக்கால்’ என்று அச்சிடுகிறீர்கள். கடலோரத்துக் காரைக்காலில் மழை என்றால் வெளிநாட்டிலிருக்கும் சொந்தக்காரர்கள் காரைக்குடி என்று எண்ணி எங்களுக்குப் போன் செய்கிறார்கள். காரைக்குடியில் என்ன என்று அறிய உங்கள் பேப்பரில் வழியே இல்லை. வெப்பநிலைப் பட்டியலில் எங்களுக்குக் கிட்டத்தில் இருப்பது மதுரை, எண்பது கிலோமீட்டருக்கு அப்பால். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறி, உள்ளே வந்து புதுக்கோட்டைச் சீமையைப் புரட்டிப்போட்டது. எங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் கானாடுகாத்தானைத் தாண்டினால் அந்த மாவட்டம்தான். புயல் கரையைக் கடந்ததோடு உங்கள் செய்தியும் முடிந்துபோனது. அப்போதும் ஒரு கடிதம் எழுதினேன். பதில் இல்லை.

‘வசந்தகாலம்’ என்ற சொல்லும் வலிக்கிறது. தமிழ்க் கணக்கில் மாசி, பங்குனி பின்பனிக்காலம். குன்றக்குடிக்குப் பங்குனி உத்திரத்துக்கு நடந்து போகிறவர்களின் உள்ளங்காலைப் பார்த்தால் இங்கே பனியும் இல்லை, இதமும் இல்லை என்று தெரியும். சனி, ஞாயிறு எல்லோருக்கும் சுற்றுலா நாளும் இல்லை. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லாததால் காக்கை விரட்ட ஆள் கிடைக்கும் நாள் எங்களுக்கு. சூளையில் பச்சைக்கல் அறுத்து வைத்திருப்பவருக்கும், களத்தில் எள் காயப்போட்டவருக்கும் அதுவும் ஒரு வேலை நாள்தான்.

நான் கேட்பது இரண்டு வரி. வெள்ளி, சனி இதழ்களில் சிவகங்கை, புதுக்கோட்டை, ராமநாதபுரம் மாவட்டங்களுக்கென்று தனியாகப் போடுங்கள். வானிலை மையம் ‘ஓரிரு இடங்களில்’ என்று சொன்னால் அதை அப்படியே அச்சிடுங்கள்.

இன்னும் பன்னிரண்டு படிக்கு ஆர்டர் பாக்கி இருக்கிறது. இந்த வெள்ளிக்கிழமைப் பேப்பரைப் பார்த்துவிட்டுத்தான் அரிசி ஊறப்போடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
பள்ளத்தூர்.