அந்த 30 எங்கே? தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். சித்தியும் சித்தப்பாவும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

டிஎன்பிஎஸ்சி குரூப் 4 அரசு வேலைத் தேர்வுக்குப் படிப்பது பற்றி ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னது இன்னும் காதிலேயே இருக்கிறது. "தினமும் பத்து மணி நேரம் உட்கார்றேன்க்கா. என்ன படிச்சேன்னு யாராவது கேட்டா சொல்லத் தெரியல." அப்புறம் நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய கால அட்டவணையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். காலை 4.30 முதல் 6.30 வரை தமிழ், 7 முதல் 9 வரை வரலாறு என்று இரவு பத்து மணி வரை நான்கு நிற ஸ்கெட்ச் பேனாவில் கட்டம் கட்டியிருக்கிறாய். சாயங்காலம் நாலு முதல் ஏழு வரை மட்டும் 'கடை'. இதே போல ஒன்றை நானும் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். அதனால்தான் போனில் நாலு வார்த்தை சொல்லி விட்டுவிடாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். உன்னோடு நூலகத்தில் படிக்கிற பிள்ளைகளும் பார்க்கட்டும்.

எத்தனை மணிக்கு எந்தப் புத்தகம் என்பது உன் அட்டவணையில் இருக்கிறது. அந்தப் புத்தகத்தை மூடும்போது உனக்கு என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்பது ஒரு கட்டத்திலும் இல்லை.

'காலமும் வேலையும்' கணக்கை எடுத்துக்கொள். ஒரு வேலையை ஒருவர் 10 நாளில் முடிப்பார், இன்னொருவர் 15 நாளில் முடிப்பார், சேர்ந்து செய்தால் எத்தனை நாள்? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நீ சொல்லிவிடுவாய். 10க்கும் 15க்கும் மீ.சி.ம., அதாவது இரண்டாலும் மீதியில்லாமல் வகுபடும் மிகச் சிறிய எண், 30. மொத்த வேலையை 30 பங்கு என்று வைத்துக்கொள்வாய். முதல் ஆள் நாளுக்கு 3 பங்கு, அடுத்தவர் 2 பங்கு, சேர்ந்தால் 5. ஆக 6 நாள். மொத்த வேலை எவ்வளவு என்று முதலில் வைத்துக்கொண்டதால்தான் கணக்கு இவ்வளவு சுலபமாக முடிகிறது. உன் அட்டவணையில் நாள் இருக்கிறது, மணி இருக்கிறது. அந்த 30 எங்கே?

என் கதையைச் சொல்கிறேன். 2022 ஜூலையில் நான் குரூப் 4 எழுதியது இரண்டாவது முறை. அதற்கு முன் எட்டு மாதம், ஒரு நாள் விடாமல் இரவில் ஒரு மணி நேரம் கணக்கு படித்தேன். நோட்டில் தேதி போட்டு டிக் அடித்து வைத்திருந்தேன். தேர்வில் கணக்கு வரும் திறனறிவுப் பகுதியின் 25 கேள்விகளில் எனக்குச் சரியாக வந்தவை 9. மீதி 16 கேள்விக்கும் ஒன்றரை வீதம் 24 மதிப்பெண் போனது. வேலையும் அதோடு போனது. வீட்டில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

பிறகு அந்த நோட்டை எடுத்துப் புரட்டியபோதுதான் புரிந்தது. அந்த எட்டு மாதமும் தீர்த்து வைத்த கணக்கைப் பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறேன். பார்க்கும்போது எல்லாம் புரிந்தது போல இருந்தது. முன்பின் பார்க்காத ஒரு கணக்கை விடையை மறைத்துக்கொண்டு நானாகப் போட்டதாக அந்த நோட்டில் ஒரு பக்கம்கூட இல்லை. நான் நேரத்தைத்தான் நிரப்பியிருந்தேன்.

அந்தச் சமயத்தில் கோயம்புத்தூரில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் என் தோழி வீட்டுக்கு வந்தாள். அவர்கள் குழுவில் வாரத் தொடக்கத்தில் 'என்னென்ன செய்யப் போகிறோம்' என்று பேசுவதில்லையாம். 'வெள்ளிக்கிழமை என்ன முடிந்திருக்க வேண்டும்' என்று பேசி, அதில் மூன்றை மட்டும் எழுதிக்கொள்வார்களாம். தினமும் காலையில் அன்றைக்கு மூன்று. வெள்ளிக்கிழமை அரை மணி நேரம் திரும்பிப் பார்ப்பது. அவ்வளவுதான் முறை. அதைத்தான் என் படிப்புக்கு எடுத்துக்கொண்டேன். மூன்றாவது முறை எழுதிய 2024 தேர்வு வரை அப்படித்தான் போனது.

இதில் கஷ்டமான இடம் ஒன்றுதான்: முடிவை எழுதும் விதம். 'அரசியலமைப்பு படிக்க வேண்டும்' என்று எழுதினால் அது என்றைக்கு முடிந்தது என்று உன்னாலும் சொல்ல முடியாது, என்னாலும் சொல்ல முடியாது. 'சனிக்கிழமை இரவு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, 12 முதல் 35 வரையிலான அடிப்படை உரிமைப் பிரிவுகளைப் புத்தகம் பார்க்காமல் எழுதுவேன்' என்று எழுதிப் பார். பிரிவு 17 தீண்டாமை ஒழிப்பு, 21 உயிர் வாழும் உரிமை, 21அ கல்வி, அது 2002இல் 86ஆவது திருத்தத்தில் வந்தது, இப்படி. எழுத வந்ததா, வரவில்லையா என்பது தாளிலேயே தெரிந்துவிடும். கணக்கும் அப்படித்தான். 'தனிவட்டி, கூட்டுவட்டி இரண்டு மணி நேரம்' என்பதை அடித்துவிடு. 'பழைய வினாத்தாள்களில் வந்த 30 வட்டிக் கணக்குகள், 30 நிமிடம், 25 சரி' என்று எழுது. முதல் வாரம் 14தான் வரும். வரட்டும், 14 என்பது உண்மையான எண். நான் டிக் அடித்த எட்டு மாதத்தில் அப்படி ஓர் எண்ணைக்கூட நான் பார்த்ததில்லை.

ஏன் மூன்று மட்டும் என்று கேட்பாய். பாடத்திட்டம் கடல் போல இருக்கும்போது மூன்று போதுமா என்று எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் வாரத்துக்கு மூன்று என்றால் ஆறு மாதத்தில் எழுபதுக்கு மேல் வருகிறது. எழுபது இடங்களில் உனக்குப் பிடி கிடைத்துவிட்டால் நீ வேறு ஆள்.

உன் விஷயத்தில் கடைதான் பெரிய கேள்வி. சித்தப்பா சரக்கு எடுக்கப் போனால் மூன்று மணி நேரம் ஆறு மணி நேரமாகிவிடுகிறது என்றாய். காலையில் ஒரு கட்டம் தவறினால் அன்று முழுவதும் மனசு விட்டுப்போகிறது என்றும் சொன்னாய். அது உன் சோம்பேறித்தனம் இல்லை தம்பி. மணியை வைத்துப் போட்ட திட்டம் ஒரு மணி நேரம் போனாலே உடைந்துவிடும். முடிவை வைத்துப் போட்ட திட்டம் இடம் மாறிக்கொள்ளும். கடையில் உட்கார வேண்டிய நாளில் மூன்றை ஒன்றாக்கிவிடு. டீ ஆற்றிக்கொண்டே தமிழில் வரும் 'பிரித்து எழுதுக' கேள்விக்கான இருபது சொற்களை மனதுக்குள் ஓட்டலாம். கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அட்டை போதும். எனக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்த வாரங்கள் அப்படித்தான் போயின. அந்த வாரங்களிலும் ஏதோ ஒன்று முடிந்திருந்தது.

சனிக்கிழமை இரவு திரும்பிப் பார்ப்பதை மட்டும் விட்டுவிடாதே. அதற்கு ஒரு வழி சொல்கிறேன். நம் வினாத்தாளில் A, B, C, D-க்குப் பிறகு ஐந்தாவதாக ஈ (E) என்று ஒரு விடை இருக்கிறது அல்லவா, 'விடை தெரியவில்லை' என்பதற்கு? அதை உன் வாரத் தேர்விலும் வைத்துக்கொள். தெரியாததற்கு ஊகித்து விடை போடாதே, ஈ போடு. உண்மையான தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைவதில்லை, அங்கே ஊகிக்கலாம். வீட்டில் ஊகித்துச் சரியாகிவிட்டால் உன்னை நீயே ஏமாற்றிக்கொள்வாய். ஈ எந்தப் பகுதியில் கூட்டமாக விழுகிறதோ அதிலிருந்து அடுத்த வாரத்தின் மூன்றை எடு. எனக்கு நாலு வாரம் தொடர்ந்து ஈ விழுந்த இடம் பரப்பளவு, கன அளவு. அதைக் கண்ணெதிரில் பார்த்த பிறகுதான் எட்டாம் வகுப்புப் புத்தகத்துக்குத் திரும்பிப் போனேன்.

கடைசியாக ஒன்று கேட்டாய். "வேலை கிடைக்கிறதுதானேக்கா முடிவு? அதையே எழுதி வச்சுக்கலாமே?" கூடாது என்பது என் எண்ணம். 2024இல் சுமார் 20 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். எத்தனை காலியிடம், கட்-ஆஃப் எங்கே நிற்கும், இதெல்லாம் உன் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை. தேர்வுப் பட்டியலில் பெயர் வருவதை வாரம் முழுக்கச் சுவரில் பார்த்துக்கொண்டிருந்தால் பயம்தான் வளரும். 30 வட்டிக் கணக்கில் 25 சரி என்பது முழுக்க முழுக்க உன் கையில் இருக்கிறது. அதை எழுதி வை.

சித்தப்பாவிடம் நேற்றுப் பேசினேன். சனிக்கிழமை மட்டும் இரவு ஏழு மணிக்கு மேல் உன்னைக் கடைப் பக்கம் கூப்பிட மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். "படிக்கட்டும்மா, நான் பார்த்துக்கிறேன்" என்றார். வரும் ஞாயிறு காலை எனக்கு போன் செய். எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாய் என்று கேட்க மாட்டேன். அடுத்த வாரத்துக்கு நீ எழுதிய மூன்று வரியைப் படித்துக் காட்டு. கூடவே இதற்கு விடை சொல்: 5,000 ரூபாய்க்கு 4 சதவீதத்தில் இரண்டு ஆண்டுக்குக் கூட்டுவட்டிக்கும் தனிவட்டிக்கும் எவ்வளவு வித்தியாசம்? பேனா எடுக்காமல்.

அன்புடன்,
அக்கா